தண்ணீரைக் காய்ச்சச் சொன்னால் நம்புவதா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 63. 32 வருடம் கணக்குத் தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பேப்பர் கைக்கு வராவிட்டால் பொழுதே விடியாது எனக்கு. அப்படிப்பட்டவன் ஆறு மாதத்துக்கு முன் பேப்பரை நிறுத்திவிட்டேன். டிவி செய்தியும் பார்ப்பதில்லை. ஒருவன் அரசாங்கம் சொல்வதை எழுதுகிறான், இன்னொருவன் எதிர்த்தரப்பு சொல்வதை எழுதுகிறான், நடந்ததை எழுத ஆளில்லை. இப்போது செல்போனில் இரண்டு மூன்று பேர் தனியாக வீடியோ போட்டுப் பேசுவதைக் கேட்கிறேன். அவர்களாவது மனதில் பட்டதைச் சொல்கிறார்கள். போன மாதம் எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. ‘எல்லாம் நாடகம், ஃபில்டர் கம்பெனிக்காரனிடம் வாங்கியிருப்பார்கள்’ என்றேன். மகள் சண்டைக்கு வந்துவிட்டாள். ‘அப்பா, நீங்க யாரையும் நம்பாத ஆள் இல்லை. நம்புற ஆளை மாத்திக்கிட்டீங்க, அவ்வளவுதான்’ என்றாள். அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனை மறுபடியும் நம்புவது முட்டாள்தனம் இல்லையா? நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்: முதலில் தண்ணீரைக் காய்ச்சுங்கள். கொதி வந்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அறிவிப்பு பொய்யாக இருந்து நீங்கள் காய்ச்சியிருந்தால் கொஞ்சம் எரிவாயு நஷ்டம். அறிவிப்பு உண்மையாக இருந்து நீங்கள் காய்ச்சாமல் விட்டிருந்தால் அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? இதை முடிவு செய்ய அரசாங்கத்தை நம்பவே வேண்டியதில்லை. உங்கள் கணக்குப் புத்தி போதும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 4,800 பேர் இருந்தார்கள். அந்த மே மாதம் கனமழை பெய்து, ஒரு பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி ஊர்க் குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. குளோரின் சரியாகக் கலந்திருந்தால் கிருமி செத்திருக்கும். ஆனால் குடிநீர் நிலையத்தில் குளோரினைத் தினமும் அளந்து எழுதும் வழக்கம் ஒப்புக்குத்தான் இருந்தது. அளக்காமலே பதிவேட்டில் எண்களை நிரப்பி வந்தார்கள், வருடக்கணக்கில். இப்படிப்பட்ட பதிவேடுகளை உங்கள் பணிக்காலத்தில் எத்தனை பார்த்திருப்பீர்கள்! மே 17 அன்று ஆய்வுக்கூடம் ‘தண்ணீரில் கிருமி’ என்று அறிக்கை அனுப்பியது. நிலைய மேலாளர் அதை அமுக்கிவிட்டார். குழந்தைகளுக்கு இரத்த பேதி என்று தகவல் வரத் தொடங்கியதும் சுகாதார அலுவலகம் போன் செய்து கேட்டது. ‘தண்ணீரில் ஒன்றும் இல்லை’ என்பதே பதில். மறுபடி கேட்டபோதும் அதே பதில். மே 21 அன்று சுகாதார அதிகாரி அந்தப் பேச்சை ஓரம் வைத்துவிட்டுத் தன் பொறுப்பில் அறிவிப்பு விட்டார்: தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பிறகு விசாரணை நடத்திய நீதிபதி, அறிவிப்பு வந்த அன்று ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது என்று பதிவு செய்தார். இன்னும் பல வழிகளில் சொல்லியிருக்க வேண்டும் என்று சுகாதார அலுவலகத்தையும் குறை சொன்னார்.

இந்தக் கதையில் ‘அரசாங்கம்’ யார்? பதிவேட்டில் பொய் எழுதியவரும் அரசு ஊழியர்தான், அந்தப் பொய்யை நம்ப மறுத்து ஊரை எச்சரித்தவரும் அரசு ஊழியர்தான். பொய்யை வெளிக்கொண்டு வந்த விசாரணையும் அரசு அமைத்ததுதான். ‘எல்லாம் நாடகம்’ என்று ஒரே வரியில் எல்லோரையும் பற்றுப் பக்கத்தில் எழுதினால், குடிநீர் நிலைய மேலாளருக்கும் சுகாதார அதிகாரிக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடுகிறீர்கள். லாபம் மேலாளருக்குத்தான். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கோபம் தப்பு என்று சொல்லமாட்டேன். உலகம் முழுக்க இருக்கிற கோபம் இது. அமெரிக்காவில் இதை நெடுங்காலமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் அரசாங்கம் பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்பியவர்கள் 1964இல் 100க்கு 77 பேர். 2024இல் 22 பேர். பத்திரிகை, டிவி, வானொலிச் செய்திகளை நம்பியவர்கள் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கெடுப்பில் 1976இல் 72 பேர், 2025இல் 28 பேர். எல்லா நாட்டிலும் இதே கதி என்றும் சொல்ல முடியாது. ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் 2024இல் 47 நாடுகளில் கேட்டபோது செய்திகளைப் பெரும்பாலும் நம்புவதாகச் சொன்னவர்கள் சராசரியாக 40 பேர். பின்லாந்தில் 69, கிரீஸிலும் ஹங்கேரியிலும் 23.

இந்த எண்களை நீட்டி ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 77 பேர் நம்பிய அதே 1964இல்தான் வியட்நாமை ஒட்டிய டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது இரண்டாவது முறையாகத் தாக்குதல் நடந்தது என்று சொல்லி, வியட்நாமில் போரை விரிவாக்க அமெரிக்கக் காங்கிரஸிடம் ஒப்புதல் வாங்கினார்கள். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. பத்திரிகைகளும் அப்படியே வாங்கி அச்சடித்தன. அன்று இருந்த நம்பிக்கை, யாரும் வவுச்சரைப் பார்க்காததால் இருந்த நம்பிக்கை. அது குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

இராக் விவகாரத்தில் இன்னொரு முறை அதுவே நடந்தது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக எழுதிய செய்திகளில் சில நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தன. போர் தொடங்கியது 2003 மார்ச்சில். தங்கள் செய்திகளில் சிலவற்றை இன்னும் கறாராகச் சோதித்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டு எழுதியது 2004 மே 26இல். அந்தக் குறிப்பு வந்தது பத்தாம் பக்கத்தில்.

பத்தாம் பக்கம் என்று படித்தபோது எனக்கு எங்கள் ஏழாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. நான் டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்த காலம். இரவு பக்கம் முடிக்கிற அவசரத்தில் ஒரு மோசடி வழக்குச் செய்திக்குப் படம் தேடினோம். அதே பெயரில் கோப்பில் ஒரு படம் கிடைத்தது, வைத்தோம். பெயர் ஒன்று, ஆள் வேறு. மறுநாள் மதியம் அந்த மனிதர் பேப்பரை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மேசை மேல் அதைப் பிரித்து வைத்து, ‘இதே இடத்தில், இதே அளவில் திருத்தம் போடுவீர்களா?’ என்று கேட்டார். திருத்தம் எப்போதும் ஏழாம் பக்கம், ஒரு பத்தி அகலம், நான்கு வரி, அதுதான் வழக்கம் என்றேன். ‘என் பையன் படிக்கும் பள்ளியில் ஏழாம் பக்கத்தை யார் சார் படிக்கிறார்கள்?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. ஏழாம் பக்கத்தில்தான் போட்டோம். என் தொழிலின் மேல் மக்கள் நம்பிக்கை இழந்தது ஏன் என்று கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் பெரிய பெரிய காரணங்களை அடுக்குகிறேன். மனதில் முதலில் வருவது அந்த மடித்த பேப்பர்தான்.

பெரிய காரணங்களும் பொய்யில்லை. வரி விளம்பரங்களில் வந்த காசுதான் பல பத்திரிகைகளுக்குச் சோறு போட்டது. வேலை, வீடு, பழைய வண்டி எல்லாம் இணையத்துக்குப் போனதும் அந்தக் காசும் போய்விட்டது. அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களின் செய்திப் பிரிவுகளில் 2008இல் சுமார் 71,000 பேர் வேலை செய்தார்கள், 2020இல் சுமார் 31,000 பேர். இதன் பலனை டெஸ்க்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான். முன்பு ஒரு செய்தி நிருபர், தலைமை நிருபர், உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்று நாலு கை மாறி வரும். யாராவது ஒருவர் ‘இந்தப் பையன் எதிர்த்தரப்பைக் கேட்டானா?’ என்று திருப்பி அனுப்புவார். இப்போது ஒரே ஆள் எழுதி, தலைப்பு வைத்து, படம் போட்டு, அவரே ஏற்றிவிடுகிறார். எங்கே தவறும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பணம் வாங்குகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது உங்கள் துறையின் பாலபாடம். உரிமையாளரின் தொழில், கட்சி விளம்பரம், அரசு விளம்பரம் இவற்றால் வரும் வளைவு நெளிவுகள் உங்களுக்கே தெரியும், விரிக்கவில்லை.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது சரி.

செல்போனில் பேசுகிறவர் ‘மனதில் பட்டதைச் சொல்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு தகுதியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம். ஒரு கிளை மேலாளர் உங்களிடம் வந்து ‘ரசீது இல்லை சார், மனதில் பட்ட தொகையை எழுதினேன்’ என்றால் கையெழுத்துப் போடுவீர்களா? பத்திரிகைக்கு லெட்ஜர் இருக்கிறது. போன வருடம் என்ன எழுதினோம் என்பது தேதியோடு கிடக்கிறது. முகவரி இருக்கிறது, வழக்குப் போடலாம். ஏழாம் பக்கத்திலாவது திருத்தம் வருகிறது. கணக்கு இருப்பதால்தான் அங்கே நீங்கள் ஆட்சேபணை எழுத முடிகிறது. தனியாகப் பேசுகிறவர் கணக்கே வைக்காதபோது அவரிடம் நீங்கள் பிழை கண்டுபிடிக்கவில்லை என்பதில் அதிசயம் என்ன?

தனியாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் புளுகர்கள் என்றும் சொல்லவில்லை. ஆவணத்தைத் திரையில் காட்டி, தவறினால் அடுத்த முறை முதல் வேலையாக அதைச் சொல்லித் திருத்துகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். பெரிய பத்திரிகைகள் தூங்கியபோது சிறிய இடங்கள் விழித்திருந்ததும் உண்டு. உங்கள் துறை சம்பந்தப்பட்ட கதை என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். மென்பொருளில் கோளாறு. மாலையில் கணக்கை முடிக்கும்போது, இருக்கவேண்டிய தொகை என்று திரை காட்டுவதும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒத்துப்போகாது. கிளை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு நேர்செய்தார்கள். கைக்காசு தீர்ந்தபோது திருட்டுப் பட்டம் வந்தது. 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, சிலர் சிறைக்கே போனார்கள். கணினியில் பிழை இல்லை என்று நிறுவனம் நீதிமன்றத்தில் அடித்துச் சொன்னது. நீங்கள் அங்கே தணிக்கையாளராக இருந்திருந்தால், ஊர் ஊராக இத்தனை நாணயமான மனிதர்கள் ஒரே சமயத்தில் எப்படித் திருடர்கள் ஆனார்கள் என்று முதல் மாதமே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

2009இல் கம்ப்யூட்டர் வீக்லி என்ற தொழில்துறை இதழ் 7 கிளை நடத்துநர்களின் கதையை எழுதியது. ஏழு பேரும் வெவ்வேறு ஊர்களில் ஒரே மாதிரியான பற்றாக்குறையைப் பார்த்தவர்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலான பெரிய ஊடகங்கள் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2024 ஜனவரியில் இது டிவி தொடராக வந்து நாடே கொந்தளித்தது. அந்த மே மாதம் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வந்தது. இதில் பத்திரிகைத் துறைக்கு வரவும் உண்டு, பற்றும் உண்டு. அரசு நிறுவனத்தின் பொய்யை உடைக்க முதல் அடி வைத்தது ஒரு சின்ன இதழ், அதுவும் ஆளாளுக்குப் பேசி, ஏடுகளை ஒப்பிட்டு, வழக்கு வந்தால் நிற்குமா என்று பார்த்து எழுதியது. மற்றவர்களில் பலர் வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேலானது. ‘நடந்ததை எழுத ஆளில்லை’ என்ற உங்கள் வாக்கியத்தில் அந்த ஏழு பேரின் கதையை எழுதியவர்களுக்கு இடம் எங்கே?

இன்னொன்று, இது உங்களுக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது. 1985இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 144 பேருக்கு, 1982இல் லெபனானின் பெய்ரூட் நகரில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளைப் போட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே ஒளிப்பதிவுதான். இஸ்ரேலை ஆதரித்தவர்கள், செய்தி இஸ்ரேலுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். அரபுத் தரப்பை ஆதரித்தவர்கள், அது இஸ்ரேலுக்கு ஆதரவாகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். டெஸ்க்கில் இருந்தபோது ஒரே செய்திக்கு ஒரே நாளில் இரண்டு தரப்பிலிருந்தும் வசவு போன் வரும். அதை நாங்கள் நடுநிலைக்கு நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வோம், அதுவும் தப்புதான். இரண்டு பேர் திட்டினால் செய்தி சரி என்று ஆகிவிடாது. ஆனால் ‘நடந்ததை எழுத ஆளில்லை’ என்று நீங்கள் சொல்லும்போது, எத்தனை செய்தியில் நடந்தது தவறாக இருந்தது, எத்தனை செய்தியில் நடந்தது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தது என்று பிரித்துப் பார்த்தீர்களா?

பார்க்காவிட்டால் இப்போது பாருங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, யார் சொன்னது, என்ன சொன்னார்கள், ஆதாரம் என்று எதைக் காட்டினார்கள், கடைசியில் என்ன ஆனது என்று கட்டம் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், ஒரு மாதம் கழித்து நிரப்புங்கள். ஒரு பத்திரிகை, உங்கள் செல்போன் பேச்சாளர்களில் ஒருவர், ஏதாவது ஓர் அரசுத் துறை, மூவருக்கும் ஒரே நோட்டு, ஒரே அளவுகோல். வாரம் மூன்று செய்திக்கு மேல் வேண்டாம். நீங்களும் எல்லா வவுச்சரையும் பார்த்தவர் இல்லையே, சோதனைத் தணிக்கைதானே செய்தீர்கள்? முடிந்தால் கணக்கு, நிதி சம்பந்தப்பட்ட செய்தியாக எடுங்கள். நமக்குத் தெரிந்த துறையில்தான் எழுதியவன் எவ்வளவு புரிந்து எழுதினான் என்பது பளிச்சென்று தெரியும். மூன்று மாதத்தில் யார் தவறைத் தானே சொல்கிறார், யார் சத்தமில்லாமல் அழிக்கிறார், யார் அடுத்த தலைப்புக்குத் தாவுகிறார் என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். யாரையும் நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை, எவ்வளவு நம்புவது என்று தொகை போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

சரிபார்க்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஸ்டான்போர்டிலேயே இன்னொரு ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாளர்கள், 25 மாணவர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத் தக்கது என்று கேட்டார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி மேலும் கீழும் படித்தார்கள், அழகான முத்திரையையும் அதிகாரபூர்வமான பெயரையும் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. சரிபார்ப்பாளர்கள் சில நொடியில் அதைவிட்டு வெளியே வந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். சீக்கிரம் முடித்தார்கள், சரியாகவும் முடித்தார்கள். கம்பெனி கொடுத்த இருப்புத் தொகையை வங்கியிடமே எழுதிக் கேட்டு உறுதி செய்வீர்களே, அதேதான்.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைச்சர் மைக்கில் பேசுவது மட்டும் அரசாங்கம் இல்லை. தணிக்கை அறிக்கை, ஒப்பந்தப் புள்ளி, ஆய்வுக்கூட முடிவு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் எல்லாம் அரசாங்கம்தான். வாயால் சொன்ன பொய்யைக் கோப்பு காட்டிக்கொடுத்த கதைகள் ஏராளம். அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்று ஸ்வீடன் 1766லேயே சட்டம் போட்டது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். விலக்கிக்கொண்டார்களா இல்லையா என்று கடிதத்தில் இல்லை, உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். குடிநீர்த் துறைக்கு எழுத்தில் கேளுங்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், எந்த ஆய்வுக்கூடம், என்ன கிருமி, குளோரின் அளவு அந்த வாரம் தினமும் என்ன, மறுசோதனை எப்போது. குளோரின் பதிவேட்டின் நகலையே கேளுங்கள். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். ஃபில்டர் கம்பெனி மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகத்தையும் இதில் பார்த்துவிடலாம், அந்தத் துறை எந்த நிறுவனத்திடம் என்ன வாங்கியது என்பதற்கும் கோப்பு இருக்கும். கடிதத்தை மகளோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். பதில் வந்தால் நோட்டில் ஒட்டுங்கள். வராவிட்டால் கடிதத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் எனக்கு அனுப்புங்கள். இதை எடுத்து எழுதக்கூடிய நிருபர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.